ஸ்பீச் தெரபி படித்துவிட்டு வாத்தியார் வேலைக்குப் போவதா, ஊரில் கிளினிக் போடுவதா? டெல்டா ஆட்கள் வாங்க

பாமணியாறு | செவ்வாய் இரவு 10.40

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எம்எஸ்சி ஸ்பீச் லாங்வேஜ் பெத்தாலஜி முடிய இன்னும் நாலு மாதம். பிஏஎஸ்எல்பி (பேச்சு, காது கேட்பதற்கான இளநிலைப் படிப்பு) மூன்று வருடம், இன்டர்ன்ஷிப் ஒரு வருடம், இப்போது இந்த இரண்டு வருடம் என்று ஆறு வருடம் வெளியூர் ஹாஸ்டலிலேயே ஓடிவிட்டது. நான் என்ன படிக்கிறேன் என்று ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியாது, அம்மாவே "காது டாக்டருக்குப் படிக்குது" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம் அத்தை போன் பண்ணி தொண்டை வலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று கேட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். கைடு மேடம் பிஎச்டி சேர்ந்து அப்படியே டீச்சிங் பக்கம் போ என்கிறார். அப்பா தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு ரூம் பிடித்துத் தருகிறேன், கிளினிக் போடு என்கிறார். கூடப் படித்த இரண்டு பேர் துபாய்க்குப் பேசி முடித்துவிட்டார்கள். எனக்குச் சொல்லிக்கொடுப்பது பிடிக்கும். ஆனால் பிஎச்டி என்றால் நாலைந்து வருடம், முடிக்கும்போது வயது 29, வீட்டில் அந்தப் பேச்சு வேறு தொடங்கியாச்சு. துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் பட்டவர்த்தனமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

டிகிரிகாபி | செவ்வாய் இரவு 11.15

கும்பகோணத்தில் ஒன்பது வருடமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். அப்பா சொல்வதைக் கேளம்மா. ஒரு நாளைக்கு எட்டு குழந்தை வந்தாலே வாடகை, கரண்ட், உதவிக்கு ஒரு ஆள் எல்லாம் போக நிற்கும். பிஎச்டி முடித்துவிட்டுத் தனியார் கல்லூரியில் சேர்ந்து சம்பளம் மாதம் தள்ளிப் போகிறது என்று புலம்பும் நண்பர்கள் எனக்கு மூன்று பேர். எட்டாவது மாடியில் உட்கார்ந்து யாரும் படிக்காத பேப்பர் எழுதுவதற்குப் பதில் நம் ஊர்ப் பிள்ளை நாலு பேரைப் பேச வைக்கலாமே.

ஒன்று மட்டும் நினைவில் வை. நடவு நேரத்தில் ஆள் வராது. புரட்டாசி, ஐப்பசியில் பாதி நாள் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருப்பேன்.

குடமுருட்டி | புதன் காலை 6.05

டிகிரிகாபி சொன்னதில் சம்பள விஷயம் உண்மை, மறுக்கவில்லை. யாரும் படிக்காத பேப்பர் என்பதும் முக்கால்வாசி உண்மை. ஆனால் அந்தப் பொண்ணுக்கு முழுப் படத்தையும் காட்ட வேண்டும் இல்லையா. நான் 17 வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், சென்னைப் பக்கம் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி விடியலில் கும்பகோணத்தில் இறங்கி, சனிக்கிழமை மட்டும் பாபநாசத்தில் கேஸ் பார்க்கிறேன்.

வாத்தியார் வேலை என்றால் போர்டு முன்னால் நிற்பது என்று நினைத்துவிடாதே. வாரத்தில் வகுப்பு எட்டு மணி நேரம் வந்தால் அதிகம். மீதி எல்லாம் கிளினிக் சூப்பர்விஷன்தான், அதாவது ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மாணவர்கள் குழந்தையோடு படும் பாட்டைப் பார்ப்பது. இரண்டாம் வருடப் பெண் ஒருத்தி, மூன்று வயதுப் பையனிடம் பத்து நிமிடத்தில் முப்பது நாற்பது தடவை "இது என்ன? இது என்ன சொல்லு?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறக்கவே இல்லை, போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி இருந்தான். வெளியே கூப்பிட்டு, உள்ளே போய் நீ பேசவே பேசாதே, சோப்பு நுரை ஊது, நாலு தடவை ஊதிவிட்டு டப்பாவை இறுக மூடி அவன் கையில் கொடு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ணு என்றேன். ஏழோ எட்டோ எண்ணியிருப்பாள், பையன் டப்பாவை அவளிடம் நீட்டி "தொ" என்றான். தொற, அதாவது திற என்பதில் பாதி. அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிச் சிரித்தாள், என்னைப் பார்க்க முடியாது என்பதே மறந்துபோய். இதற்காகத்தான் நான் இன்னும் இந்த வேலையில் இருக்கிறேன், சம்பளத்துக்காக இல்லை.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். பிரெஞ்சு டாக்டர் ப்ரோக்காவைப் பற்றி எல்லோரும் ஒப்பிப்போம்: 1861, பாரிஸ், "டான்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல வராத நோயாளி. அந்த வகை அஃபேசியாவில், அதாவது மூளை பாதித்து மொழி போவதில், வினைச்சொல்லின் வாலை விட்டுவிடுவார்கள் என்று ஆங்கிலப் பாடப்புத்தகம் சொல்லும். தமிழில் வாலை வெட்டினால் என்ன மிஞ்சும்? ஏவல். வா, போ, கொடு. என்னிடம் ஒரு பெரியவர் வந்தார், ரிட்டையர்ட் வாத்தியார், ஸ்ட்ரோக் வந்து ஆறு மாதம். மருமகள் அழாத குறையாகச் சொன்னது: "மாமா என்னையவே வெரட்டிக்கிட்டு இருக்காக சார். கட போ, கட போங்குறாக. நானும் என்ன வேணும்னு தெரியாம மூணு தடவ கடைக்குப் போயிட்டு வந்துட்டேன்." அவர் சொல்ல வந்தது மகன் கடைக்குப் போய்விட்டான் என்று. அவ்வளவுதான்! விகுதி போனதால் செய்தி கட்டளையாகிவிட்டது. அந்த வீட்டில் மூன்று மாதமாக இதற்காகவே சண்டை.

இதை எந்த மொழிபெயர்த்த டெஸ்ட்டும் எனக்குக் காட்டவில்லை, அந்த மருமகள்தான் காட்டினாள். பாமணியாறு, இப்படி ஒரு கேள்வி கையில் இருந்தால் பிஎச்டி சேர். இல்லை, கைடு கொடுக்கும் தலைப்பில்தான் சேரப்போகிறாய் என்றால் இப்போது வேண்டாம், அப்பா பிடித்துத் தரும் ரூமிலேயே மூன்று வருடம் உட்கார்.

டிகிரிகாபி | புதன் காலை 9.30

"கட போ" அருமை. என்னிடம் இதே மாதிரி ஒருவர் "தண்ணி குடி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார், அந்த அம்மா பாவம் குடித்துக் குடித்தே அலுத்துப்போனார்.

ஆனாலும் சார், நீங்கள் சொல்வது சனிக்கிழமைக் கிளினிக்கில் கிடைத்தது. கல்லூரியில் கிடைத்ததில்லை. அப்படியென்றால் என் கட்சிதானே ஜெயித்தது?

குடமுருட்டி | புதன் காலை 9.50

பாதி ஜெயித்தது. நீங்கள் கேட்டீர்கள், சிரித்தீர்கள், விட்டுவிட்டீர்கள். பத்துப் பேரிடம் அதையே பதிவு பண்ணி எழுதி வைத்திருந்தால் என் மாணவிகளுக்கு இன்று பாடமாக இருந்திருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நெல்லுமூட்டை | புதன் மதியம் 1.20

நான் துறை ஆள் கிடையாது, நீடாமங்கலம் பக்கம் விவசாயம். தலைப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன்.

என் மகனுக்கு இரண்டரை வயது வரை பேச்சு இல்லை. மனைவி ஒன்றே கால் வயதிலேயே சொன்னாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறான் என்று. எங்கள் அப்பா, "குமரகுருபரரே அஞ்சு வயசு வரைக்கும் பேசல, அப்புறம் பேச ஆரம்பிச்சு காசி வரைக்கும் போயி மடம் கட்டினாரு" என்று ஒரே போடு போட்டார். திருப்பனந்தாள் காசிமடத்துக்கு நெல் அளந்த குடும்பம், அந்தக் கதைக்கு மேல் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது. நாக்கில் வசம்பு உரசித் தடவினோம். கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் போய் நோட்டு, பேனா எல்லாம் வைத்துக் கும்பிட்டோம். ஒரு டாக்டரும் ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும் என்று அனுப்பிவிட்டார்.

கடைசியில் தூங்க வைத்து பெரா டெஸ்ட் (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் பதில் தருகிறதா என்று பார்ப்பது) எடுத்தபோதுதான் இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்தது. முதலமைச்சர் காப்பீட்டில் ஆபரேஷன் பண்ணி, உள்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி வைத்தோம். அதற்கு ஆறு வயதுக்குள் இருக்க வேண்டுமாம், நல்ல வேளை. இப்போது மூன்றாம் வகுப்பு, வாய் மூடுவதில்லை. ஆனால் ஆபரேஷன் முடிந்து தெரபிக்கு வாரம் இரண்டு நாள் பஸ் பிடித்து அலைந்தாளே என் மனைவி, அந்த ஒரு வருடம் இரண்டு போகம் எப்படி விளைந்தது என்றே எனக்கு நினைவில்லை. அந்தத் தெரபி அம்மா மாதிரி ஒருவர் எங்கள் பக்கத்திலேயே இருந்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை. பாமணியாறு தங்கச்சி, நீ துபாய் மட்டும் போகாதே.

குடமுருட்டி | புதன் இரவு 8.10

நெல்லுமூட்டை அண்ணே, உங்கள் அப்பா சொன்ன கதை என்னிடம் மாதத்தில் இரண்டு தடவை வந்துவிடும். கதையை நான் மறுப்பதில்லை. குமரகுருபரர் பேசாமல் இருந்தார் சரி, அவருக்குக் காது கேட்டதா இல்லையா என்று மட்டும் கேட்பேன். தாத்தாக்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். "கேட்காமலா அவ்வளவு பாடினார்? அப்ப பிள்ளைக்கும் காதை மட்டும் பார்த்துடுவோம், கோயிலுக்கும் போயிட்டு வாங்க" என்றால் பிரச்சினையில்லாமல் டெஸ்ட்டுக்கு வந்துவிடுவார்கள்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிறந்த ஒரு மாதத்துக்குள் காது ஸ்கிரீனிங், சந்தேகம் என்றால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் மெஷினும் பயிற்சியும். உலகம் முழுக்க இதுதான் கணக்கு. பிறக்கும் ஆயிரம் குழந்தையில் ஒன்றிலிருந்து மூன்று வரை இந்தக் குறையோடு பிறக்கும். நம் பக்கம் அக்கா மகளையும் அத்தை மகனையும் கட்டுவது வழக்கம் என்பதால் இன்னும் கவனம் வேண்டும். கேஸ் ஹிஸ்டரியில் வம்சாவளிப் படம் போடும்போது சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு போடுவோம். ஒரு தடவை மாணவன் இரட்டைக் கோடு போட்டுப் போட்டுப் படமே தண்டவாளம் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்த ஆயா எட்டிப் பார்த்து, "இது தப்பு தம்பி, இவன் எனக்குக் கொழுந்தன் மட்டும் இல்ல, மாமன் மகனும்தான்" என்று இன்னொரு கோடு போட வைத்தார்.

ஒலியன் | புதன் இரவு 10.25

மொழியியல் ஆள் நான், மைசூரில் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே மானசகங்கோத்ரியில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனமும் இருக்கிறது, 1969இல் தொடங்கிய இந்திய மொழிகள் நடுவண் நிறுவனமும் இருக்கிறது. நடந்தே போகும் தூரம். இந்தப் பக்கம் மொழியை அறிந்தவர்கள், அந்தப் பக்கம் மொழி போனவர்களை அறிந்தவர்கள். நான் இருந்த காலத்தில் இரண்டு பக்கத்து மாணவர்களும் டீக்கடையில்தான் அதிகம் சந்தித்துக்கொண்டோம்.

பாமணியாறு, உனக்கு ஒரு தலைப்பு தருகிறேன். உச்சரிப்பு டெஸ்ட்டில் வாழைப்பழப் படம் காட்டுவீர்கள், பிள்ளை "வாளப்பளம்" என்கும், நீங்கள் பிழை என்று குறிப்பீர்கள். தஞ்சாவூர் கீழவாசலில் போய் நின்று பார், பழ வண்டிக்காரர் என்ன சொல்லி விற்கிறார் என்று. ஊரே ள போடும் இடத்தில் பிள்ளை ள போட்டால் அது குறைபாடு இல்லை, வட்டார வழக்கு.

டிகிரிகாபி | புதன் இரவு 10.50

ஒலியன் சார், நீங்கள் இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். நாளைக்கு அந்தப் பையனின் அம்மா என் முன்னால் உட்கார்ந்து, "ஸ்கூல்ல ஒப்புவித்தல் போட்டியில மிஸ் திட்டுறாங்க, எல்லாரும் சிரிக்கிறாங்க, ழ வர வைங்க" என்று அழுவார். நான் வட்டார வழக்கு என்று பதில் சொல்லவா? ழ இல்லாமல் தமிழ் என்ன தமிழ், சொல்லுங்கள்.

ஒலியன் | புதன் இரவு 11.02

தமிள் :)

குடமுருட்டி | வியாழன் காலை 6.20

இரண்டு பேரும் சரிதான், ஆனால் ஒரே பையனைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில் பாட்டி, அம்மா, சித்தப்பா எல்லோரும் ள, பிள்ளையும் ள என்றால் நான் ரிப்போர்ட்டில் பிழை என்று எழுத மாட்டேன், எழுதும் மாணவனின் லாக் புக்கில் கையெழுத்தும் போட மாட்டேன். அம்மா கேட்டால் ழ சொல்லிக்கொடுப்பேன், மேடைக்கு வேட்டி கட்டச் சொல்லிக்கொடுப்பது மாதிரி. வீட்டில் எல்லோரும் ள, இவன் மட்டும் ய என்றால்தான் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு முதலில் வீட்டில் எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கேஸ் ஹிஸ்டரி ஃபாரத்தில் தாய்மொழி என்று ஒரு கோடு மட்டும் இருக்கும், தமிழ் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். எந்த ஊர்த் தமிழ் என்று இன்னொரு கோடு சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கமிட்டி, மீட்டிங் என்று இரண்டு வருடம் போய், கடைசியில் பின்கோடு கேட்கும் கட்டம் ஒன்றைச் சேர்த்தார்கள்.

வெட்டாறு | வியாழன் மதியம் 2.15

அரசு மாவட்ட இடையீட்டு மையத்தில் (வளர்ச்சிக் குறை உள்ள குழந்தைகளைப் பார்க்கும் இடம்) தெரபிஸ்ட். ஊர் சொல்லவில்லை. எல்லோரும் ஆராய்ச்சி ஆராய்ச்சி என்கிறீர்கள், என் மேசைக்கு வந்து பாருங்கள். காலையில் ஆட்டிசம் சந்தேகக் குழந்தைகள், அடுத்து அண்ணப்பிளவு ஆபரேஷன் ஆனவர்கள், மதியம் வார்டிலிருந்து கூப்பிட்டு ஸ்ட்ரோக் ஆனவர் விழுங்குகிறாரா பார் என்பார்கள். பதிவு பண்ண ரெக்கார்டர் எங்கே, அமைதியான அறை எங்கே? என் அறைக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர். பெற்றோர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிடுவார்கள். டெல்டாவில் இருந்துகொண்டே ஆராய்ச்சிக் கேள்வி பொறுக்கலாம் என்பது வாரம் ஒருநாள் வருபவருக்குச் சுலபம் சார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குடமுருட்டி | வியாழன் இரவு 9.00

தப்பாகவே எடுக்கவில்லை. வாங்க வேண்டிய குட்டுதான்.

நீங்கள் விழுங்குவது பற்றிச் சொன்னதால் ஒன்று கேட்கிறேன், வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு என்ன சாப்பிடச் சொல்கிறீர்கள்? விழுங்கச் சிரமப்படுபவர்களின் சாப்பாட்டுக்கான சர்வதேச அளவுகோலில் 0 முதல் 7 வரை நிலை இருக்கிறது, தண்ணீர் 0, சாதாரணச் சாப்பாடு 7. என் மாணவர்கள் அதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், ஆனால் பழைய சோறு எந்த நிலை என்று கேட்டால் விழிப்பார்கள். நீராகாரம் ஒரு பக்கம், பருக்கை ஒரு பக்கம், வெங்காயம் வேறு. தண்ணீர் முன்னால் ஓடிவிடும், பருக்கை வாயில் நிற்கும், விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு இதைவிட ஆபத்தான கலவை கிடையாது. ஆனால் வீட்டில் "லேசா இருக்கும், வயித்துக்குக் குளுமை" என்று அதைத்தான் முதலில் கொடுப்பார்கள். தயிரைத் தண்ணீர் விடாமல் போட்டுக் குழையப் பிசைந்த சாதம் என்றால் பலருக்கும் இறங்கும், கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகக் கிண்டினாலும் சரி. ஆளுக்கு ஆள் மாறும், பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வெட்டாறு | வியாழன் இரவு 9.35

நான் நீராகாரத்தைத் தனியே இறுத்துவிட்டு சோற்றை மட்டும் மோர் விடாமல் மசிக்கச் சொல்வேன். அந்தத் தண்ணீரை ஏன் கொட்டச் சொல்கிறாய், அதில்தான் சத்து என்று சண்டைக்கு வருவார்கள். இப்போது அதையே கொஞ்சம் அரிசி மாவு போட்டுக் காய்ச்சிக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்கிறேன். கடையில் விற்கும் திக்கனர் பவுடர் விலைக்கு யாரும் வாங்குவதில்லை.

பாமணியாறு | வெள்ளி இரவு 11.40

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். நெல்லுமூட்டை அண்ணா, உங்கள் மனைவியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

குடமுருட்டி சார், ஒரு வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தீசிஸுக்கு எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாலர் பள்ளிக் குழந்தைகளை ஆறு மாதம் தொடர்ந்து பதிவு பண்ணினேன். அக்டோபரில் பாதிக் குழந்தைகள் வரவில்லை, அம்மாக்கள் நடவுக்குப் போனதால் பாட்டி வீட்டில் விட்டுவிட்டார்கள். டேட்டா தொடர்ச்சியாக இல்லை என்று மதிப்பீட்டில் வெட்டிவிட்டார்கள், நடவு என்று எழுதியதைச் சிவப்பில் சுழித்து, இது காரணமா என்று பக்கத்தில் எழுதியிருந்தார்கள். கடைசியில் நகரத்துப் பள்ளி ஒன்றில் எடுத்த டேட்டாவை வைத்து முடித்தேன். ஊர்க் குழந்தைகள் பேசியது அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது, 40 மணி நேரத்துக்கு மேல். பிஎச்டி வேண்டாம் என்று தோன்றியதற்கு உண்மையில் அதுதான் காரணம், வயது சும்மா சொன்னது.

டிகிரிகாபி | வெள்ளி இரவு 11.55

40 மணி நேரமா! முதலில் சொல்லக் கூடாதா? நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், கிளினிக் விஷயத்தை மட்டும் வாங்கவில்லை.

குடமுருட்டி | சனி காலை 5.10

உழவன் இன்று லேட், மயிலாடுதுறையில் நிற்கிறது, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாமணியாறு, அந்த ஹார்ட் டிஸ்க்கை இன்றைக்கே இன்னொரு பிரதி எடு. பெற்றோர் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவங்கள் பத்திரமா பார். அதில் ஆராய்ச்சிக்குப் பின்னாலும் பயன்படுத்தலாம் என்று வரி இருந்தால் நல்லது, இல்லையென்றால் திரும்ப வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும், எதிக்ஸ் கமிட்டி அனுமதியும் புதிதாக வாங்க வேண்டும். வராத குழந்தைகளின் தேதியை அழித்துவிடாதே. அம்மா வயலில், பிள்ளை பாட்டியிடம் என்று இருந்த அந்த மாதத்துக்குப் பிறகு அவர்கள் பேச்சில் என்ன மாறியது என்று பார்த்தாயா? பாட்டி பேச்சு ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை பாபநாசம் வர முடியுமா? வெட்டாறு, டிகிரிகாபி, நீங்களும் வரலாம். ஒலியனை யாராவது இழுத்துக்கொண்டு வந்தால் தேவலை.

ஒலியன் | சனி காலை 8.30

வருகிறேன். ஸ்பீக்கர் நல்லதாக இருக்கட்டும், பாட்டிகள் பேச்சை லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டால் ள, ழ எதுவும் பிரியாது.

பாமணியாறு | சனி காலை 9.05

பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன் சார், 31 சதவீதம் ஓடியிருக்கிறது. அம்மா எதற்கு இத்தனை வயர் என்று கேட்கிறார். சும்மா ஒரு ஃபைலைத் திறந்தேன், எங்கள் பக்கத்து வீட்டுப் பொண்ணு, அப்போது மூன்று வயது, "ஆயி வயலுக்குப் போயிருக்கு, நீ ஏன் போவல?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.